போத்தலுக்குள்ள வயசு ஏறாது

எங்களில் ஒருத்தனின் பெரியப்பா கணக்கில் கெட்டிக்காரர். அவர் வீட்டு அலுமாரியில், பெரியம்மாவின் கூறைச்சேலைக்குப் பின்னால், ஒரு போத்தல் ஒன்பது வருசமாக நின்றது. 2014இல் லண்டனில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. ரெட்பிரெஸ்ட் என்ற ஐரிஷ் விஸ்கி. லேபலில் 12 என்று வயது போட்டிருந்தது. போன வருடம் கனடாவில் இருக்கிற பிள்ளைகளிடம் போவதற்காக வீட்டை ஒதுக்கேக்க அவர் அதை எடுத்து எங்கட ஆளின் கையில் வைத்துச் சொன்னார்: "பன்ரண்டும் ஒம்பதும் இருபத்தொண்டு. இது இப்ப இருபத்தொரு வருசச் சரக்கு. பெடியள் நீங்கள் சோடா ஊத்தி நாசமாக்காதேங்கோ."

கணக்குப் பிழை. ஆனால் அந்த இடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது வருசம் ஒரு போத்தலைத் திறக்காமல் காத்த மனிசனிடம் போய், "பெரியப்பா, போத்தலுக்குள்ள வயசு ஏறாது" என்று எப்படிச் சொல்வது?

உண்மை அதுதான். விஸ்கி மரத்துக்குள் இருக்கும்வரைதான் முதிரும். கண்ணாடிக்குள் இறக்கிய நாளோடு அதன் வயது நின்றுவிடும். அலுமாரியில் ஒன்பது வருசம் நின்றாலும் தொண்ணூறு வருசம் நின்றாலும் அது பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான். லேபலில் இருக்கிற அந்த இலக்கத்துக்கு இன்னொரு ஒழுங்கும் இருக்கிறது. ஒரு போத்தலுக்குள் பல பீப்பாக்களின் சரக்குக் கலந்திருக்கும். அவற்றில் ஆக இளையதின் வயதைத்தான் வெளியே எழுதலாம். இருபது வருசச் சரக்குக்குள் பன்னிரண்டு வருசத்தைக் கொஞ்சம் கலந்தால் எழுத வேண்டியது 12. எங்கட கலியாணத் தரகர்மார் இந்த ஒழுங்கைக் கைக்கொள்வதில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் போத்தலைப் பற்றியது. இரண்டு விதமான ஆக்களோடு எங்களுக்குப் பிரச்சினை இருக்கிறது. முதலாவது ஆக்கள், வெளிநாட்டுப் போத்தல் எண்டால் ஷோகேஸில் வைத்து, முடிந்த பிறகும் அதற்குள் தண்ணியூற்றி மணிப்பிளாண்ட் வளர்ப்பவர்கள். இரண்டாவது ஆக்கள் அதைத் திறந்த அரை மணித்தியாலத்தில் கோலாவோடு முடித்துவிட்டு மதிலில் சாய்ந்து கிடப்பவர்கள். இரண்டு பேருக்கும் அந்த 12 என்ற இலக்கம் விலைச்சீட்டு மாதிரி. நாங்கள் சொல்ல வருவது சின்ன விசயம்: அந்த இலக்கம் ஆரோ ஒருவர் காத்திருந்த காலத்தின் அளவு. அதை அப்படி வாசிக்கத் தெரிந்தால் குடிக்கிற விதமும் மாறும்.

வடித்து எடுத்த புதுச் சாராயம் எந்த நாட்டிலும் தண்ணி மாதிரித்தான் இருக்கும், நிறமே இராது. அயர்லாந்தின் சட்டப்படி அதைக் குறைந்தது மூன்று வருசம் மரப்பீப்பாவில், அந்தத் தீவிலேயே வைத்திருந்தால்தான் ஐரிஷ் விஸ்கி என்று பெயர் சொல்லலாம். பீப்பா பெரும்பாலும் ஓக் மரம், அதுவும் பழைய பீப்பா. அமெரிக்காவில் பேர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் உள்பக்கம் கரித்த புதுப் பீப்பாதான் பாவிக்கவேண்டும் என்று சட்டம். அதனால் அவர்கள் ஒருதரம் பாவித்துக் கழிக்கிற பீப்பாக்கள் கப்பலேறி அயர்லாந்துக்கு வருகின்றன. ஸ்பெயினில் ஷெரி வைன் ஊறின பீப்பாக்களும் வரும். ரெட்பிரெஸ்ட் இந்த இரண்டு வகைப் பீப்பாவிலும் கிடந்தது. வெயிலுக்கு மரம் உறிஞ்சும், குளிருக்கு விடும். அப்படி உறிஞ்சி விட்டு உறிஞ்சி விட்டுத்தான் நிறமும் மணமும் இறங்கும்.

இதற்கு ஒரு வாடகை இருக்கிறது. மரத்தின் வழியே ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அயர்லாந்தின் குளிரில் அது வருசத்துக்கு 2 வீதம் மட்டில். தேவதூதர்களின் பங்கு என்று அதற்கொரு செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 12 வருசம் முடிய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பெங்களூரில் அம்ருத் விஸ்கி செய்யிற இடத்தில் இந்த இழப்பு வருசத்துக்கு 10 வீதத்துக்கும் மேல் என்று சொல்வார்கள். அங்கே ஒரு பீப்பாவைப் பன்னிரண்டு வருசம் விட்டால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே வயதை வைத்து விஸ்கிகளை வரிசைப்படுத்துவது பெரும்பாலும் வீண்வேலை. சூட்டு நாட்டில் ஐந்து வருசம் செய்வதைக் குளிர் நாட்டில் செய்ய எத்தனையோ வருசம் எடுக்கும். அதோட, மரத்துக்குள் கூடநாள் கிடந்தால் மரம் மட்டும்தான் வாயில் நிற்கும், பார்லியைத் தேடவேண்டி வரும். பழசு எண்டால் திறம் என்பது பாதி உண்மை. நிறம் கடுமையாக இருந்தால் பழசு என்பது அந்தப் பாதிகூட இல்லை, ஏனென்றால் சீனியைக் கருக்கிய சாயம் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

சரி, அந்தப் பின்னேரம்.

ஐந்து பேர் நாங்கள். எல்லாரும் இருபத்தொன்று தாண்டியவர்கள், அதை முதலே சொல்லிவிடுகிறோம். வாடகை அறை. தக்கை காய்ந்துபோய்த் திருகேக்க உடைந்து பாதி உள்ளே விழுந்தது. பெரியப்பா பார்த்திருந்தால் அழுதிருப்பார். தேயிலை வடியால் வடித்தெடுத்தோம். வாய் ஒடுங்கி வயிறு அகன்ற கிண்ணம் வேண்டுமாம், மணம் மேலே கூடி நிற்க. எங்களிடம் இருந்தது ஜாம் போத்தல். அது மோசமில்லை. எவர்சில்வர் பேணி சரிவராது, விஸ்கியை முந்திக்கொண்டு பேணிதான் மணக்கும்.

ஊற்றியது ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி மட்டில். ஊற்றிப்போட்டுப் பத்து நிமிசம் சும்மா இருக்கவேண்டும். இந்தப் பத்து நிமிசம்தான் எங்கள் தலைமுறைக்கு ஆகக் கஷ்டமான பகுதி. பிறகு மணப்பது. மூக்கை உள்ளே விட்டால் ஸ்பிரிட் அடித்து ஒன்றும் தெரியாமல் போகும். நாடிக்குக் கீழே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்து, மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும். மூக்கு களைத்தால் உங்கட முழங்கையை மணந்துபோட்டுத் திரும்ப வாருங்கள். இது பகிடி இல்லை, வேலை செய்கிறது.

இனித்தான் சங்கடம். என்ன மணக்குது எண்டு கேட்டால் எங்களிடம் சொல்லில்லை. "நல்லாயிருக்கு", "ஸ்ரோங்", "மைல்ட்". மூன்று சொல். வெளிநாட்டு ரசனைக் குறிப்புகளை வாசித்தால் கிறிஸ்மஸ் கேக், உலர்ந்த அத்தி, பதப்படுத்திய தோல், மார்சிபான் என்று போகும். எங்களில் ஒருத்தன் ஏற்கனவே அவற்றை வாசித்துவிட்டு வந்து மார்சிபான் மணக்குது என்றான். மார்சிபானைக் கண்டிருக்கிறியோ எண்டு கேட்டோம். இல்லை. அவனை அந்தச் சுற்றில் இருந்து நீக்கினோம்.

அன்று ஆகச் சரியாகச் சொன்னது குடிக்காத ஆள். எங்கட தோழி. அவள் மணப்பதற்கு மட்டும் என்று வந்தவள். அவளின் அப்பாவைக் கொண்டுபோனது கசிப்பு. "எனக்குச் சாராய மணம் தெரியும், உங்கள் ஒருத்தருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டுதான் ஜாம் போத்தலைக் கையில் எடுத்தாள். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "தேங்காய்ப்பூ. புட்டுக்கு அவிக்கேக்க வாற மணம் இல்லை, சம்பலுக்கு வறுக்கேக்க வாறது." மற்றவர்களும் திரும்ப மணந்து பார்த்தோம். இருந்தது. ஒருதரம் சொன்ன பிறகு அதைத் தவிர வேறொன்றும் மணக்காத அளவுக்கு இருந்தது.

பிறகு தேடிப் படித்ததில் அவள் சொன்னது கற்பனை இல்லை. ஓக் மரத்தில், குறிப்பாக அமெரிக்க ஓக்கில், லக்ரோன் என்ற வகைச் சேர்வை ஒன்று இருக்கிறது. அதன் மணமே தேங்காய் மணம். விஸ்கி லக்ரோன் என்றே அதற்குப் பெயர். அயர்லாந்தில் தென்னை இல்லை. ஆனால் அங்கே பீப்பாவுக்குள் பன்னிரண்டு வருசம் கிடந்ததில் இருந்து, கிளிநொச்சியில் சம்பலுக்குத் தேங்காய்ப்பூ வறுத்த ஒரு பிள்ளைதான் முதலில் தேங்காயைக் கண்டுபிடித்தாள்.

அதற்குப் பிறகு வாய் திறந்தது. ஒருத்தன் பனங்கட்டி என்றான், சீனி இல்லை, பனங்கட்டியின் அடியில் இருக்கிற கருக்கல். இன்னொருத்தன் காய்ந்த தோடம்பழத் தோல் என்றான். மன்னார்ப் பெடியன் கிறிஸ்மஸ் கேக் எண்டான், அவனுக்கு அனுமதி உண்டு, வருசாவருசம் எண்ணெய்த்தாளில் சுற்றி வீட்டில் இருந்து கொண்டு வாறவன். கறுவா, கராம்பு எல்லாரும் சொன்னோம். குடித்தபோது முதல் மிடறு சுட்டது, இரண்டாவது மிடறில்தான் ருசி. ஒரு தேக்கரண்டியால் நாலைந்து துளி தண்ணி விட்டதும் சூடு இறங்கி மணம் விரிந்தது. நாக்கில் ஒரு எண்ணெய்ப்பிடிப்பு, தேங்காய்ப்பாலின் தடிப்பு மாதிரி. கடைசியில் நாவற்பழம் திண்ட நாக்கு: துவர்ப்பு. இந்தத் துவர்ப்பு மரத்தில் இருந்து வருவது. அறுசுவையில் துவர்ப்புக்கு ஒரு கதிரை போட்டு வைத்த மொழி இது. சொல்லில்லை எண்டு நாங்கள் முழித்தது சொல்லின் குற்றமில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தோழி தன் போத்தலைத் திரும்ப எடுத்து மணந்தாள். "அடியில அதுவும் இருக்கு" என்றாள். எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாயில் பட்ட அந்த எண்ணெய்ப்பிடிப்புக்கும் ஒரு கதை உண்டு. ரெட்பிரெஸ்ட் அயர்லாந்துக்கே உரிய வகை. முளைகட்டின பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியும் சேர்த்து, செப்பு வடிகலத்தில் மூன்று தரம் வடிப்பது. பச்சைப் பார்லிதான் அந்தத் தடிப்பைக் கொடுப்பது. ஏன் பச்சைப் பார்லி? 1785இல் முளைகட்டின பார்லிக்கு வரி வந்தது. வரியைக் குறைக்க வடிப்பவர்கள் முளைக்காததைக் கூடச் சேர்த்தார்கள் என்பதுதான் வழமையாகச் சொல்லப்படுகிற காரணம். வரி ஏய்ப்பில் இருந்து ஒரு நாட்டின் ருசி பிறந்தது எண்டால் எங்களுக்கு அதில் ஒரு தனிச் சந்தோசம்.

அதற்குப் பிறகு நடந்தது சோகம். 1830இல் ஈனியஸ் கொஃபி என்பவர் விடாமல் வடிக்கிற ஒரு கலத்துக்குக் காப்புரிமை எடுத்தார். ஆள் அயர்லாந்தில் மதுவரி அதிகாரியாக இருந்தவர். கெதியாக, மலிவாக, கூடுதலாக வடிக்கலாம். டப்ளினின் பெரிய வடிசாலைகள், இதில் வாறது விஸ்கியே இல்லை என்று ஒதுக்கிவிட்டன. ஸ்கொட்லாந்துக்காரர் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அமெரிக்காவில் 1920 தொடங்கி 1933 வரை மதுவிலக்கு, பிரித்தானியாவோடு சுதந்திரப் போர், அதற்குப் பின் வணிகச் சண்டை. ஒவ்வொன்றாக மூடினார்கள். 1966இல் மிஞ்சியிருந்த ஜேம்சன், பவர்ஸ், கோர்க் நகரக் கம்பனி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. எழுபதுகளின் கடைசியில் முழுத் தீவிலும் வடித்துக்கொண்டிருந்தது இரண்டே இடம்: தெற்கில் மிடில்ட்டன், வடக்கில் புஷ்மில்ஸ். இரண்டும் ஒரே கம்பனியின் கையில்.

ரெட்பிரெஸ்ட்டை முதலில் விற்ற கில்பி கம்பனி அதைத் தானே வடித்ததில்லை. அவர்கள் வைன் வியாபாரிகள். ஷெரி வந்த வெறும் பீப்பாக்கள் கையில் கிடந்தன. ஜேம்சனிடம் புதுச் சரக்கை வாங்கி அந்தப் பீப்பாக்களில் ஊற்றி, டப்ளின் ஹார்கோர்ட் வீதிப் புகையிரத நிலையத்துக்குக் கீழே இருந்த நிலவறைகளில் அடுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருப்பது மட்டும்தான் அவர்கள் செய்த வேலை. எண்பதுகளில் அந்தப் பெயர் சந்தையில் இருந்து மறைந்தது. 1991இல் பன்னிரண்டு வயதுப் போத்தலாகத் திரும்ப வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கோ. 1991இல் வந்த போத்தலில் 12 என்று எழுதியிருந்தால் அதற்குள் இருந்தது 1979இலோ அதற்கு முன்னமோ பீப்பாவில் ஊற்றியது. முழுத் தீவிலும் இரண்டே வடிசாலை மிஞ்சிக் கிடந்த காலம். இந்தத் தொழிலுக்கு நாளைக்கு ஒரு ஆள் இருப்பானோ எண்டு தெரியாத அந்த நேரத்தில் ஆரோ பீப்பாவை நிரப்பி, தக்கையடித்து, தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் குடிக்கப் போவது ஆர் எண்டு அவர்களுக்குத் தெரியாது. எழுதினவர் அதற்குள் பென்சன் எடுத்திருக்கவும் கூடும்.

பெரியப்பாவின் போத்தலுக்கும் அதே கணக்கைப் போட்டோம். 2014இல் கடையில் இருந்தது, பன்னிரண்டு வயது. ஆகவே 2002இல் அல்லது அதற்கு முன்னம் பீப்பாவுக்குள் போனது. கணக்குப் போட்டவன் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கட வயசு" என்றான்.

2002 பெப்ரவரியில் இங்கே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. எங்களில் ஆக மூத்தவனுக்கு அப்போது பால்பல். அந்தப் பீப்பா மிடில்ட்டனில் ஒரு களஞ்சியத்தில் படுத்துவிட்டது. பிறகு இங்கே A9 பாதை திறந்தது, 2006இல் மூடியது. எங்களில் இரண்டு பேர் வன்னி. 2008இல் தொடங்கி 2009 மே வரைக்கும் அவர்கள் எத்தனை இடம் மாறினார்கள் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தார்கள். ஒருத்தி பதினொன்று வரைக்கும் எண்ணினாள், மற்றவன் இடையில் விட்டுவிட்டான். கடைசியாகச் செட்டிகுளம் முகாம். அந்த வருசங்கள் முழுக்க அந்தப் பீப்பாவை ஒருவரும் அசைக்கவில்லை. செல் விழவில்லை. ஓடு கழன்று மழை இறங்கவில்லை. வருசத்துக்கு 2 வீதம் ஆவியாகப் போனது, அவ்வளவுதான்.

அயர்லாந்து சண்டை தெரியாத நாடு இல்லை. புஷ்மில்ஸ் இருக்கிற வடக்கில் 1998 வரைக்கும் குண்டு வெடித்தது. பஞ்சமும் கப்பலேறிப் போவதும் எங்களைவிட அவர்களுக்குப் பழக்கம். அதனால்தான் இது எங்களை உறுத்தியது. பொறாமை எண்டும் சொல்லலாம். ஒரு பொருளைப் பன்னிரண்டு வருசம் அசையாமல் வைத்திருக்க முதல் வேணும், களஞ்சியம் வேணும், கடன் தாற வங்கி வேணும். எல்லாத்துக்கும் மேலால, பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகும் நாங்கள் இந்த இடத்தில்தான் இருப்பம் என்ற ஒரு நினைப்பு வேணும். எங்கட பட்ச்சில பாதிப் பேர் ஐஎல்ரிஎஸ் வகுப்பில் இருக்கிறார்கள். இண்டைக்கு நிரப்பினால் பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு திறக்கிற ஒன்றை எங்கட ஊரில் ஆர் நிரப்புவார்கள்?

இந்த நாட்டில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வைத்துப் பழுக்கவைக்கிற வழக்கம் இருக்கிறது. அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் திருகோணமலை மரம் என்றே ஒரு பெயர். ஆனால் பனஞ்சாராயப் போத்தலில் வயது எழுதி நாங்கள் இதுவரைக்கும் கண்டதில்லை.

ரசனை எங்களுக்குப் புதுசு எண்டு நினைக்கவும் வேண்டாம். கள்ளுக் குடிக்கிற ஊர்ப் பெரியவர்களிடம் போய் இருந்து கேளுங்கோ. தனிப்பனைக் கள்ளு வேறு, பல மரத்துக் கள்ளைக் கலந்தது வேறு. உடன் கள்ளின் இனிப்பும் மத்தியானத்துக்குப் பிறகு வாற புளிப்பும் வேறு வேறு. கண்ணாடிக் கிளாசில் குடிப்பதும் பிளாவில் குடிப்பதும் ஒன்றில்லை, பச்சை ஓலையின் மணம் சேரவேண்டும். ஸ்கொட்லாந்துக்காரன் ஒரே வடிசாலையின் சரக்கைத் தனியாகப் பிரித்துச் சிங்கிள் மோல்ட் என்று விற்றால் கைதட்டுகிறோம்; ஒரே மரத்தின் சாற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாக்கைக் குடிகாரன் எண்டு சொல்லிப்போட்டுப் போகிறோம். மரமேறிச் சீவுகிறவரின் சாதியைச் சொல்லி அவரை வாசலுக்கு வெளியில் நிற்பாட்டின அதே வீடுகளில்தான் வெளிநாட்டுப் போத்தல் ஷோகேஸுக்குள் இருக்கிறது. சமூகவியல் பாடத்தில் பூர்தியு படித்துவிட்டு ரசனை என்பது வர்க்கத்தின் வேலி என்று பரீட்சைத்தாளில் எழுதுகிற நாங்கள், வீட்டு ஷோகேஸைப் பார்த்து ஒன்றும் கேட்டதில்லை. ஜாம் போத்தலைச் சுழற்றுகிற நாங்களும் அந்த வேலிக்கு ஒரு கதியால் போடுகிறோமோ என்ற கேள்வி உண்டு. இருக்கலாம். மகாபொலக் காசில் வாங்குகிற சாமானில்லை இது, ஓசியில் வந்தது. திரும்ப வராது.

குடியைப் பற்றி ரசித்து எழுதுறது சரியோ எண்டு எங்கட வாசிப்பு வட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. இங்கே குடி எத்தனை வீட்டைத் தின்றது எண்டு கணக்குக் காட்டத் தேவையில்லை, எங்களோடு இருந்து மணந்தவளின் வீடு போதும். அவளிடமே கேட்டோம், இதை எழுதலாமோ என்று. அவள் சொன்னது: "அப்பா ஒருநாளும் மணந்து பாத்ததில்லை. ஊத்தினவுடன கண்ணை மூடிக்கொண்டு முழுங்குவார், மருந்து மாதிரி. ருசிக்கு ஆரும் கசிப்புக் குடிக்கிறதில்லை." மெதுவாகக் குடித்தால் ஆபத்தில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஸ்பிரிட் ஸ்பிரிட்தான், 40 வீதம் 40 வீதம்தான். மறைத்து, அவசரமாக, முழுங்குவதற்காக மட்டும் குடிக்கிற பழக்கத்தை எங்கட ஊர் ஆம்பிளையளுக்குப் பழக்கினது, இதைப் பற்றிப் பேசாமல் விட்ட ஒழுக்கமும்தான் என்று மட்டும் சொல்கிறோம்.

ஆம்பிளையள் எண்டு எழுதேக்க இன்னொன்று. 1979இல் வந்த விதியொன்று இந்த நாட்டில் பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் போடச் சொன்னார். அவள் குடிப்பதில்லை. அது அவளின் முடிவு, அந்த முடிவை அவளுக்காக ஒரு வர்த்தமானி எடுக்கத் தேவையில்லை. அன்று எங்கட மேசையில் ஆக நல்ல மூக்கு அவளுடையது.

போத்தலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. மறுநாள் காலையில் கழுவாமல் விட்ட ஜாம் போத்தல்களை மணந்து பார்த்தோம்: ஸ்பிரிட் முழுக்கப் போய், அடியில் பனங்கட்டியும் மரமும் மட்டும் நின்றது. இதைக் குடிக்கிறவர்கள் எல்லாரும் ஒருதரம் செய்து பார்க்கவேண்டும், காசும் இல்லை, வெறியும் இல்லை.

போன கிழமை பெரியப்பா கனடாவில் இருந்து எடுத்தார். அங்கே பனி கொட்டுதாம், வீட்டுக்குள்ளேயே இருக்கிறாராம். சுகம் விசாரித்து முடியவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"என்னடா, இருபத்தொரு வருசச் சரக்கு எப்பிடி?"

"நல்லாயிருந்தது பெரியப்பா. தேங்காய்ப்பூ வறுத்த மணம்."

"விசரா, விஸ்கியில என்னடா தேங்காய்ப்பூ?" கொஞ்சநேரம் லைனில் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "மிச்சம் கிடக்கோ?"